எல்லா போஸும் ஒரே குடும்பமா?

கேள்வி இதுதான்: நேதாஜி, போசான் துகளுக்குப் பெயர் தந்தவர், செடி கொடிகளை ஆராய்ந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் வருகிறவர், ஹெட்ஃபோன் மேல் பெயர் பொறித்திருக்கிறவர், இந்த போஸ்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தமா? இல்லை. இந்த நான்கு பேரில் யாரும் யாருக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் இவர்களைச் சுற்றி இன்னும் பல போஸ்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் உண்மையிலேயே ஒரே வீட்டுக்காரர்கள், அதனால்தான் குழப்பம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். வங்காளத்தில் காயஸ்தர் சாதியில் கோஷ், போஸ், மித்ரா என்ற மூன்றும் பெரிய குடும்பப் பெயர்கள். வங்காளியில் எழுதுவது 'பசு', ஆங்கிலேயர் காலத்தில் அதை போஸ் என்று எழுதினார்கள், பாசு என்றும் எழுதினார்கள். ஒரே வீட்டிலேயே இரண்டும் உண்டு. ஃப்ராய்டுடன் 1921 முதல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்து, 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். அவருடைய அண்ணன், வேதியியலாளரும் நகைச்சுவை எழுத்தாளருமான ராஜசேகர், பெரும்பாலும் பாசு என்றே அறியப்பட்டார். ஆக, 23 ஆண்டுகள் மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவும் பெயரளவில் போஸ்தான்.

குலத்துக்கு ஒரு மூதாதை கதையும் உண்டு. சுபாஷ் சந்திர போஸ், தான் முடிக்காமல் விட்ட தன்வரலாற்றில், தன் கிளையின் ஆதி மனிதர் தசரத போஸ் என்றும், அவருடைய இரண்டு பிள்ளைகளில் ஒருவர் கிழக்கு வங்காளத்துக்குப் போய்விட மற்றவர் மேற்கிலேயே தங்கினார் என்றும், தான் இருபத்தேழாவது தலைமுறை என்றும் எழுதியிருக்கிறார். இருபத்தேழு தலைமுறை என்றால் எழுநூறு எண்ணூறு வருஷம். அவ்வளவு தூரம் பின்னால் போய் ஒட்ட வைத்தால் எல்லோரும் பங்காளிதான், அதை உறவு என்று சொல்ல முடியாது.

சரி, உண்மையான குடும்பம் எது என்றால் ஜகதீஷ் சந்திர போஸைச் சுற்றி இருப்பது. இவர் 1858-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். இவருடைய அக்கா தங்கைகளில் ஒருவர் மணந்தது ஆனந்த மோகன் போஸை. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ராங்லர், அதாவது முதல் வகுப்பில் தேறியவர், ஆன முதல் இந்தியர் அந்த ஆனந்த மோகன், 1898-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. ஜகதீஷின் இன்னொரு சகோதரியின் மகன் இயற்பியலாளர் தேவேந்திர மோகன் போஸ், இவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன், சொல்லியே ஆக வேண்டும். ஆனந்த மோகனின் அண்ணன் மகன் ஹேமேந்திர மோகன் போஸ், கூந்தல் தைலமும் கிராமபோன் இசைத்தட்டும் விற்ற வியாபாரி. அந்த ஹேமேந்திர மோகனின் மகன்தான் 1935-ல் இந்திய சினிமாவுக்குப் பின்னணிப் பாடல் முறையைக் கொண்டுவந்த இயக்குநர் நிதின் போஸ். விஞ்ஞானம், அரசியல், தைலம், சினிமா எல்லாம் ஒரே குடும்ப வட்டத்துக்குள்.

ஜகதீஷைப் பற்றி நம் ஊரில் செடிக்கு உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். செடிக்கு உயிர் இருப்பது அவருக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அவர் செய்தது, தூண்டினால் செடி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை அளக்க முடியும் என்று காட்டியது; அதற்காகச் செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை அவரே செய்தார். அதற்கும் முன்பு அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1890-களின் நடுவில், கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில், கம்பி இல்லாமல் மின்காந்த அலையை அனுப்பித் தூரத்தில் மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். அவர் பயன்படுத்தியது சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள், கிட்டத்தட்ட 60 கிகாஹெர்ட்ஸ் வரை. இன்று 5ஜி பேச்சில் வருகிற மில்லிமீட்டர் அலை அதே குடும்பம்தான். மார்க்கோனி 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்கப் பயன்படுத்திய பாதரசக் கருவி, போஸ் 1899-ல் வெளியிட்டதன் வழிவந்தது என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்காக ரேடியோவைக் கண்டுபிடித்தவரே போஸ் என்று சொல்லிவிடக் கூடாது. செய்தி அனுப்பும் தொழில் அவருடைய நோக்கமாக இருக்கவில்லை, காப்புரிமையிலும் ஆர்வம் கிடையாது. நண்பர்கள் வற்புறுத்தி 1904-ல் அமெரிக்காவில் ஒன்று வாங்க வைத்தார்கள், அதையும் அவர் காலாவதியாக விட்டுவிட்டார்.

அவருடைய சம்பளப் போராட்டம் அதிகம் பேசப்படாதது. 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான், தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதி. அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தைத்தான் தொடவில்லை. மூன்று வருஷம் ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார், அதுவும் அப்பாவின் கடன் தலைமேல் இருந்த காலத்தில். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து பழைய பாக்கி உட்பட முழுச் சம்பளமும் கொடுத்தது. அவர் மனைவி அபலா சென்னையில் படித்தவர்! கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத நேரத்தில், 1882-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உடல்நிலை காரணமாக முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்கும் விதவைகளுக்கும் அவர் செய்தது நிறைய.

இப்போது தேவேந்திர மோகன். மாமா தொடங்கிய போஸ் ஆய்வு நிலையத்தை 1938 முதல் நடத்தியவர். இவரும் பிபா சௌத்ரி என்ற இளம் பெண் ஆய்வாளரும் டார்ஜிலிங், சந்தக்ஃபூ மாதிரியான உயரமான மலைகளில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அவற்றில் விட்டுப்போன கோடுகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எலக்ட்ரானைவிடச் சுமார் இருநூறு மடங்கு எடையுள்ள துகள்களின் தடம் அதில் தெரிந்தது. முடிவை உறுதிப்படுத்த இன்னும் நுட்பமான தகடுகள் வேண்டும். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் அவை கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் இங்கிலாந்தில் செசில் பவெல் அதே முறையை மேம்பட்ட தகடுகளில் செய்து பையான் துகளைக் கண்டுபிடித்தார், 1950-ல் நோபல் வாங்கினார். பவெல் திறமையானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல தகடு கிடைக்காததால் ஒரு கண்டுபிடிப்பு கைநழுவியதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பிபாவின் பெயரும் மிகச் சமீபத்தில்தான் பலருக்குத் தெரிய வந்தது.

தேவேந்திர மோகன் ஜெர்மனியில் இருந்து திரும்பும்போது மாக்ஸ் பிளாங்க் எழுதிய புத்தகங்களைக் கொண்டுவந்தார். அவற்றை வாங்கிப் படித்தவர்களில் ஒருவர் சத்யேந்திர நாத் போஸ். இவர் கல்கத்தாக்காரர், 1894-ல் பிறந்தவர், அப்பா ரயில்வே வேலை. ஜகதீஷுக்கு மாணவர், உறவினர் இல்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், சூடான பொருள் வெளியிடும் ஒளியைப் பற்றிய பிளாங்கின் விதியை வேறு வழியில் வருவித்து ஒரு சின்னக் கட்டுரை எழுதி, 1924 ஜூனில் நேராக ஐன்ஸ்டீனுக்கே அனுப்பினார். முன்பின் பழக்கம் கிடையாது. சரி என்று பட்டால் ஜெர்மன் இதழில் போட ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். ஐன்ஸ்டீன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார்.

அந்தக் கட்டுரையின் உயிர் எண்ணும் முறையில் இருக்கிறது. இரண்டு நாணயத்தைச் சுண்டினால் பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என்று நான்கு வாய்ப்பு. இரண்டு நாணயத்தையும் எந்த விதத்திலும் பிரித்து அடையாளம் சொல்லவே முடியாது என்றால், நடுவில் உள்ள இரண்டும் ஒன்றாகிவிடும், மூன்றுதான் மிஞ்சும், மூன்றுக்கும் சம மதிப்பு. ஒளித் துகள்களை இப்படித்தான் எண்ண வேண்டும் என்றார் போஸ். இப்படி நடக்கும் துகள்களுக்கு இயற்பியலாளர் டிராக் பிறகு போசான் என்று பெயர் வைத்தார். ஐன்ஸ்டீன் இதை அணுக்களுக்கும் நீட்டிச் சொன்ன போஸ்-ஐன்ஸ்டீன் செறிவு நிலையை, அதாவது கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் நிலையை, 1995-ல் ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள், அதற்கு 2001-ல் நோபல். போஸுக்கு நோபல் வரவே இல்லை, முனைவர் பட்டம்கூட வாங்காதவர் அவர். 2012-ல் ஹிக்ஸ் போசான் செய்தி வந்தபோது எல்லா ஊடகமும் ஹிக்ஸ் யார் என்று விளக்கியது, போசான் யார் பெயர் என்று சொன்னவர்கள் குறைவு. அவருடைய இன்னொரு முகமும் தெரிய வேண்டும். தாய்மொழியில் அறிவியல் சொல்லித் தர முடியும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர், அதற்காகவே 1948-ல் வங்காளத்தில் ஒரு அறிவியல் மன்றமும் அதற்கு ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

ராஜ் சந்திர போஸை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். 1901-ல் ஹோஷங்காபாதில் பிறந்தார், கல்கத்தாவில் மகலனோபிஸின் புள்ளியியல் நிலையத்தில் வேலை, 1949-ல் அமெரிக்கா போனார். கணித மேதை ஆய்லர் 1782-ல் ஒரு கணிப்பு சொல்லியிருந்தார்: ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, மொத்தம் முப்பத்தாறு அதிகாரிகள், எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே படைப்பிரிவோ ஒரே பதவியோ இரண்டு முறை வராமல் இவர்களை நிறுத்த முடியாது, பத்து, பதினான்கு, பதினெட்டு என்று போகும் எண்களிலும் முடியாது. ஆறுக்கு அது சரி. மற்றதெல்லாம் தப்பு என்று 1959-ல் ராஜ் சந்திர போஸ், அவருடைய மாணவர் ஸ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் சேர்ந்து நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அது செய்தியானது. அடுத்த வருஷமே, ராய் சௌத்ரி என்ற இன்னொரு மாணவருடன் சேர்ந்து, பிழை திருத்தும் குறியீடு ஒன்றை வெளியிட்டார். பிரான்சில் ஹோக்கங்ஹெம் என்பவரும் தனியாக அதையே கண்டிருந்ததால், மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து பி.சி.எச். குறியீடு என்கிறார்கள்.

டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் பாருங்கள். மூலையில் மூன்று பெரிய சதுரம் இருக்கிறதா, அவற்றை ஒட்டினாற்போல் பதினைந்து சின்னக் கட்டங்கள், இந்தப் படத்தை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று போனுக்குச் சொல்லும். அந்தப் பதினைந்தில் உண்மையான தகவல் ஐந்துதான், மீதிப் பத்தும் பி.சி.எச். கணக்கில் வந்த காவல் கட்டங்கள். எண்ணெய்க் கறை பட்டு மூன்று கட்டம் தப்பாகத் தெரிந்தாலும் போன் சரியாகப் படித்துவிடும். நாட்டில் தினமும் கோடிக்கணக்கான முறை வேலை செய்கிற போஸ் இவர்தான்.

ஹெட்ஃபோன் போஸ், அமர் போஸ், 1929-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா நனி கோபால் போஸ் ஆங்கிலேயருக்கு எதிராக இயங்கி, 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடியவர். பையன் பள்ளி வயதிலேயே ரேடியோ பழுது பார்த்து வீட்டுக்கு வருமானம் கொண்டுவந்தான், எம்.ஐ.டி.யில் படித்து அங்கேயே பேராசிரியரானான், 1964-ல் கம்பெனி தொடங்கினான். 1978-ல் விமானத்தில் இரைச்சலால் பாட்டே கேட்காத எரிச்சலில், இறங்குவதற்குள் காகிதத்தில் கணக்குப் போட்டதுதான் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன். 2011-ல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை எம்.ஐ.டி.க்கே எழுதி வைத்தார்.

புரட்சிக்காரர்கள் பக்கம் வந்தால் குழப்பம் இன்னும் கூடுதல். சத்யேந்திர நாத் என்ற பெயரிலேயே இன்னொருவர் உண்டு, அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் காட்டிக்கொடுத்தவனைச் சிறைக்குள்ளேயே சுட்டு 1908 நவம்பரில் தூக்கில் தொங்கியவர். இணையத்தில் இவருக்கு விஞ்ஞானியின் படத்தைப் போட்டிருப்பதைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள். இந்தப் புரட்சிக்காரர் மிட்னாபூரில் வழிநடத்திய பையன் குதிராம் போஸ். முன்பு பிறந்த ஆண் குழந்தைகள் தங்கவில்லை என்பதால், நம் ஊரில் பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பது போல, அம்மா இவனை மூன்று கை நொய்யரிசிக்கு அக்காவிடம் விற்றதாகச் சடங்கு செய்தார்கள், நொய்யிலிருந்தே பெயர். முசாஃபர்பூரில் மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டுக்கு வைத்த குண்டு தவறி, இரண்டு ஆங்கிலேயப் பெண்களைக் கொன்றது. 1908 ஆகஸ்ட் 11-ல் தூக்கு, வயது 18.

ராஷ் பிஹாரி போஸின் வாழ்க்கையை யாராவது கற்பனை செய்து எழுதினால் நம்ப மாட்டோம். டேராடூன் வன ஆய்வு நிலையத்தில் குமாஸ்தா. 1912 டிசம்பர் 23-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் யானை மேல் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு விழுந்ததே, அதன் பின்னணியில் இருந்தவர் இவர். திரும்பி டேராடூனுக்குப் போய் அந்தத் தாக்குதலைக் கண்டிக்கும் கூட்டமே நடத்தினார். 1915-ல் தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு ஜப்பானுக்குத் தப்பினார். அங்கும் ஆங்கிலேயர் துரத்த, டோக்கியோ ஷிஞ்சுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடையின் சோமா தம்பதி தங்கள் கடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள், மகள் தோஷிகோவை 1918-ல் மணம் செய்தும் கொடுத்தார்கள். தோஷிகோ 1925-லேயே இறந்துவிட்டார். 1927-ல் அந்தக் கடை உணவகம் திறந்தபோது இவர் சொல்லிக் கொடுத்த இந்தியக் கோழிக் குழம்பு பட்டியலில் ஏறியது, இன்றும் அங்கே விற்கிறது. ஜப்பானில் பலருக்கு போஸ் என்றால் முதலில் இவர்தான்.

இவரும் சுபாஷும் உறவில்லை என்றாலும் 1943 ஜூலை 4-ல் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை மூத்த போஸ் இளைய போஸிடம் ஒப்படைத்தார். இருபத்தெட்டு வருஷம் வெளிநாட்டில் கட்டிக்காத்ததை ஒரே மேடையில் கைமாற்றிக் கொடுத்த அந்த மனசை நான் மிகவும் மதிக்கிறேன். 1945 ஜனவரியில் டோக்கியோவில் இறந்தார், சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. சுபாஷைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குடும்பம் என்ற வகையில் அவருடைய அண்ணன் சரத் சந்திர போஸையும், 1941-ல் வீட்டுக் காவலில் இருந்து அவரைக் காரில் ஏற்றி கோமோ ரயில் நிலையம் வரை ஓட்டிச் சென்ற சரத்தின் மகன் சிசிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓவியர் நந்தலால் போஸ் விஞ்ஞானிகள், புரட்சிக்காரர்கள் என்ற இரண்டு கூட்டத்திலும் சேராதவர், ஆனால் இரண்டையும் தொட்டவர். ஜகதீஷின் ஆய்வு நிலையச் சுவரில் வரைந்தார். 1938-ல் சுபாஷ் தலைமை வகித்த ஹரிபுரா காங்கிரஸுக்கு, காந்தி கேட்டதற்காகக் கிராமத்துத் தொழில்களை வரைந்து பந்தல் முழுக்க மாட்டினார். அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அவரும் சாந்திநிகேதன் மாணவர்களும்தான் அலங்கரித்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் நடராஜர், இன்னொரு பக்கத்தில் ராணுவ உடையில் சுபாஷ். 1954-ல் முதல்முறை பத்ம விபூஷண் கொடுத்தபோது வாங்கிய ஆறு பேரில் இரண்டு பேர் போஸ், நந்தலாலும் சத்யேந்திர நாத்தும்.

பெண்கள் பெயர் குறைவாக வருவதற்குக் காரணம், கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறிவிடுவது. இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகள் சந்திரமுகி பாசு, காதம்பினி பாசு, கல்கத்தா, 1883. இரண்டாமவர் மருத்துவரானது காதம்பினி கங்கூலி என்ற பெயரில்.

இத்தனை பேர் எப்படி ஒரே பெயரில் என்றால், ரத்தத்தில் தேட வேண்டாம். எழுத்துவேலை, கணக்குவேலை என்று இருந்த ஒரு சாதி, ஆங்கிலக் கல்வி முதலில் வேரூன்றிய நகரத்தில் எல்லோருக்கும் முன்பே பள்ளிக்கூடம் போய்விட்டது. பிரசிடென்சி கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜகதீஷ் அங்கே பேராசிரியர், சத்யேந்திர நாத் 1915 வரை மாணவர், சுபாஷ் 1913-ல் சேர்ந்து 1916-ல் ஒரு ஆங்கிலேய ஆசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் வெளியேற்றப்பட்டவர். அதே ஆண்டுகளில், வங்காளத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாமசூத்திரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளியே பெரும்பாடாக இருந்தது. சத்யேந்திர நாத்தின் வகுப்புத் தோழர் மேக்நாத் சாஹா, தாழ்ந்த சாதி என்று விடுதியில் தனியே உட்கார வைக்கப்பட்டுத்தான் படித்தார். போஸ்களின் திறமையை இது குறைக்காது, ஆனால் பட்டியலில் ஏன் சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதை விளக்கும்.

அப்புறம், மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ் என்று யாரையாவது பார்த்தால் வங்காளி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அது ஆளின் சொந்தப் பெயர், சுபாஷுக்காக வைத்தது. 1939 செப்டம்பர் 3-ல் சென்னைக் கடற்கரையில் சுபாஷ் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் போர் மூண்ட செய்தி அவர் கைக்கு வந்தது. அந்தப் பயணத்தில் மதுரைக்கும் போனார், முத்துராமலிங்கத் தேவர் வரவேற்றார். அதைவிடப் பெரிய காரணம் மலேயா. இந்திய தேசிய ராணுவத்தில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணிப் படைக்குச் சென்னை லட்சுமி தலைமை, சுபாஷ் அமைத்த தற்காலிக அரசில் எஸ்.ஏ. ஐயர் பிரசாரத் துறை அமைச்சர். ஊர் திரும்பியவர்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், பேரன்களுக்கும் வைத்தார்கள். வங்காளத்தில் போஸ் என்றால் பிறந்த வீட்டைச் சொல்லும், தென்மாவட்டங்களில் அப்பாவோ தாத்தாவோ யார் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லும்.